பதினேழாம் நம்பர் லைன் கிளியர்

பாயசம் இன்னொரு கரண்டி கேட்டது சங்கரபாண்டிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் உறைத்தது.

காலையில் கொல்லைக் குழாயடியில் குனிந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. திடீரென்று அந்தப் பந்தி கண்முன் வந்து நின்றது. வாழை இலை, இரண்டு பக்கமும் சக ஊழியர்கள், பாயச வாளியோடு குனிந்து வந்த பேச்சியம்மாள். "முந்திரி நல்லா வறுபட்டிருக்கு தாயி, இன்னொரு கரண்டி ஊத்து" என்று சொன்னது அவர்தான், அதுவும் வாயெல்லாம் பல்லாக. பேச்சியம்மாள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு ஊற்றினாள். அதற்கப்புறம் அந்த வரிசையில் ஒருத்தரும் இலையில் கை வைக்கவில்லை. அவர் மட்டும் வழித்துச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு எழுந்தார்.

அன்றைக்கும் இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிற மாதிரி. இன்றைக்கு அதே காட்சி அடிவயிற்றில் சூடாகக் கிளம்பிக் காது மடல் வரைக்கும் ஏறியது. துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

அது கொம்பையாவின் முதல் வருசத் தெவசம். கொம்பையா வயர்மேன், பேச்சியம்மாளின் புருசன். அவன் கை வைத்திருந்த கம்பியில் கரண்ட் விட்டது நல்லமங்கலம் துணை மின்நிலையத்து ஆப்பரேட்டரான சங்கரபாண்டி. இது பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் எல்லோரும் அது கொம்பையாவின் அவசரத்தால் நடந்தது என்று நம்பினார்கள். அப்படி நம்ப வைத்ததும் சங்கரபாண்டிதான்.

கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் மின்நிலையத்துக்குப் போன் போட்டு லைன் கிளியர் கேட்க வேண்டும். ஆப்பரேட்டர் அந்தக் கம்பி போகும் மின் பாதையை அணைத்து, சுவிட்சில் 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டி, பதிவேட்டில் எழுதி, ஒரு நம்பர் சொல்வார். அந்த நம்பரை வாங்கியவனே திரும்பக் கூப்பிட்டு, வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் மந்திரியே வந்து காலில் விழுந்தாலும் கரண்ட் போடக் கூடாது. சட்டம் அவ்வளவு சுத்தம். நடைமுறைதான் வேறு. காற்றும் மழையுமாக நாற்பது போன் வருகிற நாளில், ஆப்பரேட்டர்கள் நம்பரை வாயால் சொல்லிவிட்டுச் சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து முத்து முத்தாக எழுதுவார்கள். சங்கரபாண்டி முப்பது வருசம் அப்படித்தான் எழுதினார். மேலதிகாரிகள் அந்தக் கையெழுத்தைப் பாராட்டவும் செய்தார்கள்.

கொம்பையா செத்த அன்றைக்கு ஒரு கோஷ்டி பதினாறாம் நம்பர் வாங்கி மூன்றாம் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்குக் கொம்பையா கூப்பிட்டான். அதே பாதையின் மறுகோடியில் அவன் நின்றிருந்தான். "அணைச்சுத்தான் கிடக்கு, ஏறிக்கோ. நம்பர் பதினேழு" என்றார் சங்கரபாண்டி. பலகை ஏற்கெனவே ஒன்று தொங்கியது, இன்னொன்று மாட்டவில்லை. எழுதுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டார். பன்னிரண்டரைக்குப் பதினாறாம் நம்பர் கோஷ்டி வேலை முடிந்தது என்று சொன்னது. நடுவில் கல்யாண மண்டபத்தில் இருந்து ஆறு தடவை போன் வந்துவிட்டது, பந்தி இருட்டில் நடக்கிறது என்று. பலகையைக் கழற்றினார், சுவிட்சைப் போட்டார். பதினேழு ஞாபகத்திலேயே இல்லை.

போன் பேச்சைப் பதிவு செய்கிற கருவி மூன்று மாதமாக ரிப்பேர். கொம்பையாவின் போன் அவனோடு கருகிவிட்டது. ஆக, பதினேழு என்ற நம்பர் உலகத்தில் ஒரே ஒருத்தர் தலைக்குள் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் சங்கரபாண்டி மனுசனாகவே இல்லை. போன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். டம்ளரைப் பிடித்தால் காபி சட்டையில் இருக்கும். தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை. முதல் விசாரணை நாளில் உண்மையைச் சொல்லத்தான் போனார். "பதி... பதி..." என்று திக்கி, ஓவென்று அழுது, நாற்காலியில் இருந்து சரிந்தார். விசாரணை அதிகாரி சிதம்பரநாதன் நல்ல மனுசர். முதலில் உடம்பைக் கவனியுங்கள் என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

மின் கம்பெனி செலவில் கோவில்பட்டி டாக்டர் ஜெமிமாவிடம் அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நோயாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற டாக்டர். அவள் படம் எதுவும் வரையாமல் வாயாலேயே விளக்கினாள்.

"மூளையில ஒரு இடம் இன்னொரு இடத்துக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. அந்தச் சேதியைச் சுமந்துக்கிட்டுப் போறது சின்னச் சின்ன மூலக்கூறுகள். அதுல ஒண்ணு ஆபத்து மணி மாதிரி. நெருக்கடி வந்தா அடிக்கணும், போனதும் நிக்கணும். உங்களுக்கு நிக்க மாட்டேங்குது. இந்த மருந்து மணியை உடைக்காது. அதைக் கேக்குற காதுல பஞ்சு வைக்கும், அவ்வளவுதான்."

தினமும் காலையில் மூக்கில் இரண்டு பீய்ச்சல். மணிக்கட்டில் ஒரு பட்டை. வியர்வையில் அந்த மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். ஊரில் பாதிப் பேர் அந்தப் பட்டையோடுதான் திரிந்தார்கள். கம்பெனியின் புகார் ஜன்னலில் இருக்கிற மூன்று பேரும் மூக்கு மருந்துக்காரர்கள். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் அவர்கள் புன்னகை மாறாது. கரண்ட் மட்டும் பழைய நேரத்துக்குத்தான் வரும்.

மூன்றாவது வாரம் சங்கரபாண்டிக்குப் பச்சை விழுந்தது. நன்றாகத் தூங்கினார். அவர் மனைவி கோமதி சாமிக்கு மாவிளக்குப் போட்டாள். டாக்டர் ஜெமிமா மனத்தெளிவுச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சான்றோடு மறுபடி விசாரணைக்குப் போனார்.

கொம்பையா லைன் கிளியர் வாங்கினாரா என்று சிதம்பரநாதன் கேட்டார். சங்கரபாண்டி யோசித்தார். பதிவேட்டில் இல்லை. கேட்டவன் இல்லை. ரிட்டயர் ஆக அஞ்சு வருசம் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது. "வாங்கல சார். மழை அங்க எப்படின்னு கேக்கத்தான் போன் பண்ணினான்" என்றார். குரல் நடுங்கவில்லை. மணிக்கட்டில் பச்சை அசையவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

லைன் கிளியர் இல்லாமல் ஏறியவன் குடும்பத்துக்கு வாரிசு வேலை கிடையாது. பேச்சியம்மாளின் மனு திரும்பி வந்தது. அவளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை போனது ஒரு பக்கம். கொம்பையா அவசரக்குடுக்கை என்று டீக்கடையில் பேசினார்கள். குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்று அடுத்த வாரம் பேசினார்கள். பீடிகூடக் குடிக்காதவன் அவன். சங்கரபாண்டி அந்த டீக்கடையில் அந்தப் பேச்சின் நடுவே உட்கார்ந்து, வடையைச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

இப்போது துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டிக்கு அந்த வடையும் ஞாபகம் வந்தது. பாயசம் வந்தது, வடை வந்தது, "வாங்கல சார்" வந்தது. பதினோரு மாதமாக உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நின்றது எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வந்தது. பட்டையைப் பார்த்தார். இரத்தச் சிவப்பு.

கோமதி கொல்லை வாசலில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்துக் குப்பியைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தது தான்தான் என்று சொன்னாள். தெவசத்தன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டாளாம். பொம்பளைகள் பந்தியில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்களாம். ஒருத்தி காதுபடக் கேட்டாளாம், மருந்து அவருக்கு மட்டும்தானா, உனக்கும் சேர்த்தா என்று.

"கை நடுங்கின மனுசன்கூட இருந்துருவேன். இந்த மனுசன்கூட என்னால இருக்க முடியலங்க" என்றாள்.

அவர் அவளிடம் பதினேழைச் சொன்னார். முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். கோமதி பக்கத்தில் வந்தாள். முந்தானையால் அவர் வாயோரத்து நுரையைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுத சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்றைக்கே சிதம்பரநாதனிடம் ஓடினார். இந்தத் தடவை திக்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். அதிகாரி பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சங்கரபாண்டியின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கரபாண்டி, பட்டை சிவப்புல இருக்கு. சிவப்புல சொல்றதை நான் எழுத முடியாது. விதி அப்படி. அது வாக்குமூலம் இல்ல, நோயோட அறிகுறி."

"சார், நான் சொல்லுறது நெசம்."

"இருக்கலாம். ஆனா பச்சையில இருக்கும்போது நீங்க வேற சொல்லிருக்கீங்களே. ரெண்டுல எதைத் தெளிஞ்ச மனுசன் சொன்னதா எடுத்துக்கிறது?"

சங்கரபாண்டி கோவில்பட்டிக்குக் கிளம்பினார். டாக்டர் ஜெமிமாவிடம் போனார். அவளும் அந்த விதியைப் பற்றி வருத்தத்தோடுதான் சொன்னாள். இந்த நோய்க்காரர்கள் செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்வார்களாம். தன் குழந்தை காய்ச்சலில் செத்ததற்குத் தான் போட்ட கோலம்தான் காரணம் என்று ஒரு அம்மா போலீஸில் சரணடைந்திருக்கிறாளாம். அப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றத்தான் விதி வந்தது. அது இப்படியும் வேலை செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பயமும் வெக்கமும் ஒரே மணியிலதான் அடிக்குதுபோல அண்ணாச்சி. உங்க நடுக்கத்தை நிறுத்தணும்னு நெனச்சேன். கூட எது நின்னுச்சுன்னு நான் கேக்கவே இல்ல. பச்சைன்னு சந்தோசமாக் கையெழுத்துப் போட்டது நான்தானே?" அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

உண்மை எடுபட வேண்டுமானால் அவர் மறுபடி மருந்தைப் போட்டுக்கொண்டு, பச்சையில் நின்று சொல்ல வேண்டும். வேறு வழி கிடையாது. ஆனால் மருந்து போட்டுக்கொண்ட சங்கரபாண்டி சொல்வானா? அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மாதம் அவனோடு ஒரே சட்டைக்குள் குடியிருந்திருக்கிறார். நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. எது சௌகரியமோ அதைச் சொல்வான். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவான்.

பேச்சியம்மாளிடம் நேராகப் போய்ச் சொல்லிவிடலாமே என்று கோமதி சொன்னாள். பேச்சியம்மாள் தெரு முனை வரைக்கும் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கால் திரும்பிவிட்டது. அதிகாரியிடம் சொல்ல முடிந்தது, டாக்டரிடம் சொல்ல முடிந்தது. பாயச வாளியோடு ஒரு நொடி நின்ற அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க முடியவில்லை. ஐம்பத்தாறு வயசு ஆம்பளை, முனைக்கடையில் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டில் மூன்று தீப்பெட்டி சேர்ந்தது.

நாலாம் நாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. துணை மின்நிலையத்தில் ஷிப்ட் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிற ஆப்பரேட்டர் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார். வருகிறவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்ன பாதையில் ஆள் இருக்கிறான் என்று எழுதியிருந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒருத்தரும் இல்லாவிட்டாலும் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். எழுதியவன் கிறுக்கனா, குடிகாரனா என்று வருகிறவன் ஆராய்ச்சி செய்யக் கூடாது. தன் புத்தி என்ன சொன்னாலும் முந்தின ஷிப்டுக்காரன் எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும். முப்பது வருசத்தில் சங்கரபாண்டி எழுதுவதில் சோம்பியிருக்கிறாரே தவிர, எழுதியிருந்ததை ஒரு நாளும் மீறியதில்லை.

ஒரு நோட்டை எடுத்து, நடுங்குகிற கையால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதினார். கீழே எழுதினார்: 'மூன்றாம் பாதையில் பதினேழாம் நம்பர் லைன் கிளியர் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் வயர்மேன் கொம்பையா. கொடுத்தவர் ஆப்பரேட்டர் சங்கரபாண்டி. பதியப்படவில்லை. பலகை மாட்டப்படவில்லை. அடுத்த ஷிப்டுக்காரர் இதை விசாரணை அதிகாரியிடம் வாசித்துக் காட்டவும். தாமதிக்க வேண்டாம்.' கையெழுத்து முத்து முத்தாக இல்லை. கோழி கிளறியது போல இருந்தது. நோட்டைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, அவள் கையாலேயே புதுக் குப்பியை வாங்கி மூக்கில் பீய்ச்சிக்கொண்டார். அப்போது அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. போகப்போகிற ஆள் போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பச்சை வந்தது. டாக்டர் ஜெமிமா சான்று எழுதினாள். இந்தத் தடவை கையெழுத்துப் போட நேரம் எடுத்துக்கொண்டாள். விசாரணைக்குப் பேச்சியம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில். சுவரோர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கரபாண்டி அவளைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையசைத்தார். சௌக்கியமா என்றுகூடக் கேட்டார். பின்னால் நின்ற கோமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

பழைய வாக்குமூலத்தை உறுதி செய்வதானால் ஒரு கையெழுத்துப் போதும், அஞ்சு நிமிசத்தில் கிளம்பலாம் என்றார் சிதம்பரநாதன். பேனாவையும் நீட்டினார். சங்கரபாண்டி வாங்கிக்கொண்டார். காகிதத்தில் கோடு போட்ட இடம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று பார்த்தார். ஒன்றும் குறையாது. நாலு வருசம், அப்புறம் ரிட்டயர்மென்ட், சந்தன மாலை. வேண்டாம் என்று தடுக்க உள்ளே ஒருத்தரும் இல்லை. வீடு காலியாக, சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தது. பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

கோமதி நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

அவர் வாசித்தார். எழுதியவன் ஏன் இப்படிப் பதறியிருக்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. கை நடுக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு வெளியே போயிருந்தது. பாவம், உடம்பு சரியில்லாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் தேதி இருந்தது, நேரம் இருந்தது, ஆப்பரேட்டர் கையெழுத்து இருந்தது. முந்தின ஷிப்டுக்காரன் எழுதியிருக்கிறான். அதை மீறுவது அவருக்குப் பழக்கமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நோட்டைக் கையில் எடுத்தார்.

வரி வரியாக வாசித்தார். மின் அளவு வாசிக்கிற குரல்தான். பதினாறு எப்படி வந்தது, பதினேழு எப்படி விட்டுப்போனது, கல்யாண மண்டபத்துப் போன், மழையைப் பற்றிக் கேட்டான் என்று தான் சொன்ன பொய், சிதம்பரநாதன் கேட்ட எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கொம்பையா முறைப்படி கேட்டானா என்று அவர் கடைசியாகக் கேட்டார். "முறைப்படித்தான் கேட்டான் சார். நம்பரைத் திருப்பியும் சொன்னான்" என்றார் சங்கரபாண்டி. பச்சை அசையவில்லை. அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். 

பேச்சியம்மாளின் மனுவை மறுபடி பரிசீலனைக்கு எடுப்பதாகவும், சங்கரபாண்டி அன்றோடு சஸ்பெண்ட் என்றும், போலீஸுக்கும் எழுதப்போவதாகவும் சொன்னார். சஸ்பெண்ட் ஆனவருக்குக் கம்பெனி மருந்து கிடையாது என்பதையும் விதிப்படி வாசித்தார். சங்கரபாண்டி எல்லாவற்றுக்கும் சரி சார் என்றார்.

வராந்தாவில் பேச்சியம்மாள் அவருக்காக நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இப்ப உங்களுக்கு என்ன தோணுது அண்ணாச்சி?"

பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. "ஒண்ணும் தோணல தாயி. பசிக்குது" என்றார்.

கோமதி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேச்சியம்மாள் திரும்பவில்லை. பையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க உள்ள சொன்னது ஆபீசுக்கு. ரொம்ப நல்லது. எங்கிட்ட நீங்க இன்னும் சொல்லல."

"அதுக்கென்ன, இப்பவே சொல்லுதேன்" என்று அவர் வாயைத் திறந்தார்.

"இப்ப வேண்டாம்." அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "அந்த மருந்து இறங்க எத்தன நாளாகும்?"

"ஒம்பது நாள்."

"அப்போ பத்தாம் நாள் வாங்க. சனிக்கிழம, எனக்குத் தையல் வேலை கிடையாது." படியிறங்கிப் போய்விட்டாள்.

சங்கரபாண்டி வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நிம்மதியாகத் தூங்கினார். ஆறாம் நாள் பட்டை மஞ்சளானது. எட்டாம் நாள் தண்ணீர்ச் செம்பு கையில் இருந்து நழுவியது. ஒன்பதாம் நாள் விடிந்தபோது "பசிக்குது" என்று தான் சொன்னது காதில் கேட்டது. பாயசத்தைவிட அது மோசமாக இருந்தது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் கோமதி, தான் எடுத்து ஒளித்து வைத்திருந்த மிச்ச மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.  பழைய மருந்து சுத்தமாக இறங்கியிருக்காது, இரண்டு பீய்ச்சல் போதும், பேச்சியம்மாள் வீட்டுப் படியேறிவிடலாம் என்பது இருவருக்கும் தெரியும். அவர் குப்பியை எடுத்தார், அதன் எடையைக் கையில் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெறும் கையோடு கிளம்பினார்.

தெரு முனையைத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. முனைக்கடைக்காரர் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தார். பத்து மணி வெயில். பேச்சியம்மாள் வீட்டுக் கொடியில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரும்புக் கேட்டில் கை வைத்தார். கையின் நடுக்கத்தில் கேட் கடகடவென்று ஆடியது. தட்டாமலே சத்தம் உள்ளே போய்விட்டது. ஓடிவிடலாமா என்று அப்போதும் தோன்றியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பேச்சியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.  கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"தாயி... அன்னைக்கு உம் புருசன் பத்தரை மணிக்கு..."  அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."